வசனத்தின் வால்

மேசைக்கு ஒரு ஓடியோ இன்டர்பேஸ் வாங்கவேணும் என்று நாலு பேரிடம் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "இந்த மொடலை எடு, மற்றதெல்லாம் குப்பை." மற்றது, "கையில எவ்வளவு வைச்சிருக்கிறாய்?" இரண்டும் தேவையில்லாத பதில்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் அதுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. அந்த மேசையில் இருந்துகொண்டு யார், எதைக் கேட்கப் போகினம்?

எங்களுக்கு அதற்கான விடை தெரிந்திருந்தது. நாங்கள் நாலு பேர். யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு வாடகை அறை. வயசான ஆட்கள் சொல்லுகிற கதைகளைப் பதிவு செய்கிறோம். கூடுதலாக வருகிற கதை 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட அந்த இரவு: மழை, சைக்கிள், நாவற்குழிப் பாலம், கைவிட்ட சாமான்கள், கைதவறிப்போன ஆட்கள். லப்டொப்பையும் மைக்கையும் பையில் போட்டுக்கொண்டு அவர்களின் விறாந்தைக்குப் போவோம். ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கதைப்பினம். திரும்பி வந்து மேசையில் போட்டுக் கேட்டு, எழுத்தாக்கி, சொன்னவரின் சம்மதத்தோடு ஒரு பகுதியை வெளியிடுவோம்.

இந்த வேலையில் ஒரு விசயத்தைக் கெதியாகவே கண்டுகொண்டோம். தமிழில் ஒரு வசனம் எங்கே முடிவெடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "அண்டைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு" என்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. "வந்தவர்" என்றால் ஒரு கதை. "வரேல்லை" என்றால் வேறு கதை. வினை கடைசியில் வருகிற மொழி எங்கட மொழி. நடந்ததா, நடக்கவில்லையா, கண்டதா, கேள்விப்பட்டதா என்பதெல்லாம் வசனத்தின் வாலில்தான் இருக்கு. கதைக்கிற ஆள் களைத்துப்போய் மூச்சு விடுகிறதும் அந்த வாலில்தான். எழுபது வயசு தாண்டிய ஒருவர் வசனத்தைத் தொடங்கும்போது முற்றத்துக்கே கேட்கும். முடிக்கும்போது பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்காது.

அதனால் இன்டர்பேஸ், ஹெட்போன், ஹெட்போன் அம்ப் என்ற மூன்றையும் நாங்கள் ஒரே அளவுகோலால்தான் பார்த்தோம்: வசனத்தின் வால் கேட்குதா?

இன்டர்பேஸ் என்பது ஒரு பெட்டிக்குள் இரண்டு வேலை. உள்ளே வருகிற பக்கத்தில், மைக்கின் மிகச் சிறிய மின்சைகையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும். வெளியே போகிற பக்கத்தில், கொம்பியூட்டர் தருகிற எண்களைத் திரும்ப மின்சைகையாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும். விளம்பரத்தில் கூடுதலாகக் கதைப்பது மூன்றாவது விசயத்தைப் பற்றி: 96 கிலோஹேட்ஸ், 192 கிலோஹேட்ஸ் என்று. குரல் பதிவுக்கு 48 கிலோஹேட்ஸ், 24 பிட் காணும். அந்தக் கணக்கில் ஒரு மைக்கின் ஒரு மணித்தியாலப் பதிவு ஏறக்குறைய 518 மெகாபைற் வரும். 96க்குப் போனால் அது இரட்டிக்கும். எங்கட ஹார்ட் டிஸ்க் நிரம்பும். அம்மம்மாவின் குரல் கூடத் தெளிவாகாது.

பார்க்கவேண்டியது உள்பக்கத்தின் பெருக்கம். ஷூர் எஸ்.எம்.58 என்ற மைக்கைக் கோயில் திருவிழா மேடையிலிருந்து பள்ளிக்கூட மேடை வரைக்கும் எல்லாரும் கண்டிருப்பீர்கள். 1966இல் வந்த வடிவம், இன்னும் விற்பனையில் இருக்கு. அதுக்கு முன்னால் பலமாகக் கதைத்தால்கூட வருகிற மின்னழுத்தம் இரண்டு மில்லிவோல்ட் அளவில்தான். மெல்லமாகக் கதைத்தால் அதில் பத்தில் ஒன்று. இதைப் பாவிக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவர ஆயிரம் மடங்கு பெருக்கவேணும். 60 டெசிபல் என்றால் அந்த ஆயிரம் மடங்குதான். ஃபோகஸ்றைற் ஸ்கார்லெற் 2ஐ2 என்ற, பரவலாகப் பாவிக்கிற பெட்டியை உதாரணத்துக்கு எடுத்தால், 2019இல் வந்த மூன்றாம் தலைமுறையில் மைக்குக்கு 56 டெசிபல் பெருக்கம். 2023இல் வந்த நாலாம் தலைமுறையில் 69 டெசிபல். முதலாவது ஏறக்குறைய 630 மடங்கு, இரண்டாவது 2,800 மடங்கு. கேட்க வித்தியாசம் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த வித்தியாசத்துக்காக உடனே புதுசை வாங்க ஓடாதேங்கோ. மைக்கை ஒரு சாண் தூரத்திலிருந்து அரைச் சாணுக்குக் கொண்டுவந்தால், காசில்லாமலே 6 டெசிபல் கிடைக்கும். திரும்ப அரைவாசியாக்கினால் இன்னொரு 6. அதோடு குரல் மட்டும்தான் கூடும். பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் கூடாது. எந்தப் பெட்டியாலும் செய்யமுடியாத வேலை அது.

இன்னொரு எண், இரைச்சல். விபரப் பட்டியலில் "இ.ஐ.என்." என்று போட்டு −128 டி.பி.யு. மாதிரி ஒரு எண் இருக்கும். கழித்தல் பக்கம் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு நல்லது. ஆனால் இதுக்கு இயற்கையே ஒரு எல்லை வைத்திருக்கு. அறை வெப்பநிலையில் 150 ஓம் தடை ஒன்று சும்மா இருந்தாலே எழுப்புகிற இரைச்சல் −131 அளவில் வரும். (இந்த 'ஓம்' நாங்கள் தலையாட்டிச் சொல்லுகிற ஓம் இல்லை, மின்தடையின் அலகு. கடையில் இதைச் சொல்லி ஒருக்கால் நல்லாய்ச் சிரித்தோம்.) அதாவது, −128 தருகிற ஒரு பெட்டிக்கும் உலகத்தில் செய்யக்கூடிய அதி திறமான பெட்டிக்கும் இடையில் மூன்று டெசிபல்தான் இடைவெளி. மூன்று மடங்கு காசு கொடுத்து அந்த மூன்று டெசிபலை வாங்குவதை விட, பதிவு முடியும்வரை ஃபானை நிப்பாட்டி வைக்கலாம்.

"கன்டென்சர் மைக்தானே திறம்?" என்று கேட்பீர்கள். அமைதியான அறை இருந்தால் ஓம். அது கூடுதல் மின்னழுத்தம் தரும், பெருக்கம் குறைவாகவே தேவைப்படும், அதுக்கு 48 வோல்ட் தருகிற பொத்தானும் பெரும்பாலான இன்டர்பேஸ்களில் இருக்கு. ஆனால் கன்டென்சரைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாவிக்கிறதுதான் வழக்கம். தள்ளி வைத்தால் காகமும் வரும், ஓட்டோவும் வரும், கோயில் லவுட்ஸ்பீக்கரும் வரும். எங்களுக்கு அமைதியான அறை இல்லை, விறாந்தைதான் இருக்கு. அதனால் கிட்ட வைத்துக் கதைக்கிற டைனமிக் மைக்கையே எடுத்தோம்.

காசு பற்றியும் சொல்லவேணும். எங்கட வயசு ஆட்களுக்கு 2022ஐ மறக்கேலாது. வருசத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360ஐத் தொட்டுவிட்டது. நூறு டொலர்ச் சாமான் ஒன்று, வடிவமும் மாறாமல், திறமும் கூடாமல், இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரமாகியது. பிறகு ரூபா கொஞ்சம் எழும்பினாலும், 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமாகியது. வெளிநாட்டு வீடியோக்களில் "இது மலிவான பெட்டி, தொடங்குபவர்களுக்கு" என்று காட்டுகிறதெல்லாம் எங்களுக்கு ஒரு மாசச் சம்பளத்தில் பெரும்பகுதி. ஆகவே நாங்கள் எடுத்தது பாவித்த பெட்டி. கனடாவுக்குப் போன ஒரு அண்ணா விற்றுவிட்டுப் போன மூன்றாம் தலைமுறை 2ஐ2. பாவித்த பெட்டி எடுக்கிற ஆட்களுக்கு எங்கட சோதனை இதுதான்: ஒன்றும் கொழுவாமல் பெருக்கத்தை முழுக்கக் கூட்டி, ஹெட்போனில் கேளுங்கள். சீரான "ஸ்ஸ்" என்றால் பயமில்லை, எல்லாப் பெட்டியிலும் வரும். கரகரவென்று விட்டுவிட்டு வந்தால், குமிழைத் திருப்பும்போது வெடித்தால், யூ.எஸ்.பி. வாயை மெல்ல ஆட்டும்போது தொடர்பு அறுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டிடுங்கோ.

இனி வெளியே போகிற பக்கம். இதில்தான் நாங்கள் கூடுதலாக யோசித்தோம். காரணம், ஒரு பதிவு.

ஆள் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறோம். சொல்லலாம் என்று அவரிடமும் கேட்டுவிட்டோம். ஒரு அம்மம்மா. தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பெடியனுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவா. பேரோடு சொன்னவா. சொல்லி முடிய மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, தேத்தண்ணி கொண்டுவந்த மகளிடம் எதையோ மெல்லமாகச் சொன்னா. அந்த நேரத்தில் ஒழுங்கையில் நாய் குரைத்தது. நாங்கள் அடுத்த கேள்விக்குப் போனோம்.

இரவு லப்டொப் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது அந்த இடத்தில் நாயும் ஒரு பெருமூச்சும்தான். ஹெட்போனில் கேட்டபோது சொற்கள் வந்தன: "அவன்ர பேரைப் போட..." அதுக்குப் பிறகு வால். வேணுமா, வேண்டாமா?

முதலில் கேட்டவர் "வேணும் எண்டுதான் சொல்றா" என்றார். ஹெட்போன் கை மாறியது. இரண்டாவது ஆளுக்கும் "வேணும்" என்றே கேட்டது. மூன்றாவது ஆள் கழற்றிவிட்டு, "எனக்கு வேண்டாம் மாதிரிக் கிடக்கு. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் சொன்னதால இப்ப சந்தேகமா இருக்கு" என்றா. நாலாவது ஆள், "நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பனோ தெரியாது" என்றார். அதுதான் உண்மை. ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் மற்றவரின் காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மங்கலான ஒலியில், எதிர்பார்க்கிற சொல்லைத்தான் காது பொறுக்கும்.

இந்த இடத்தில் எங்களுக்கு இரண்டு தேவை தெளிவாகின. ஒன்று, நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒரே ஒலியை, ஒருவரோடொருவர் கதைக்காமல் கேட்கவேணும். கேட்டதை ஆளாளுக்குக் கடுதாசியில் எழுதவேணும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவேணும். இரண்டு, இதெல்லாம் அறைக்கு வெளியே கேட்கக்கூடாது. எங்கட அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தட்டி. ஒருவர் எங்களை நம்பிச் சொன்ன பேர், தட்டிக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது. ஸ்பீக்கர் வாங்கலாமா என்று அதுவரை கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கதை அந்த இரவோடு முடிந்தது. திறந்த முதுகுள்ள ஹெட்போன் வடிவாக, காற்றோட்டமாகக் கேட்கும் என்று சொல்லுவினம். ஆனால் உள்ளே கேட்பதில் பாதி வெளியேயும் கேட்கும். மூடின ஹெட்போன்தான் எங்களுக்கு.

இப்ப ஹெட்போன் அம்ப்புக்கு வருவோம். அம்ப் வேணுமா என்பது ஆசையால் தீர்க்கிற கேள்வி இல்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிற கேள்வி. ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண் இருக்கும்: ஒன்று உணர்திறன், மற்றது தடை. ஓடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் 35 ஓம். பெயர்டைனமிக் டி.ரி. 770 ப்ரோ 80 ஓமிலும் வருகிறது, 250 ஓமிலும் வருகிறது. மூன்றுக்கும் உணர்திறன் ஒரு மில்லிவொற்றுக்கு 96 டெசிபல்தான். ஒலியின் உச்சங்கள் 110 டெசிபல் வரைக்கும் உடையாமல் வரவேணும் என்று வைப்போம். அதுக்கு 25 மில்லிவொற் தேவை. தேவையான மின்னழுத்தம் 35 ஓமுக்கு 0.94 வோல்ட், 80 ஓமுக்கு 1.4 வோல்ட், 250 ஓமுக்கு 2.5 வோல்ட். உணர்திறன் ஒன்றுதான், கேட்கிற வோல்ட்தான் வேறு.

இனி இன்டர்பேஸின் ஹெட்போன் வாய் எவ்வளவு தரும் என்று அதன் விபரத்தில் பாருங்கள். +7 டி.பி.யு. என்று போட்டிருந்தால், 0 என்பது 0.775 வோல்ட் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 1.7 வோல்ட். 35க்கும் 80க்கும் காணும். 250க்குக் காணாது, அந்த ஹெட்போனை எடுத்தால்தான் அம்ப் தேவை. யூ.எஸ்.பி.யில் மட்டும் ஓடுகிற சின்னப் பெட்டிகளில் இப்படித்தான் பெரும்பாலும் வரும். ஆகவே 80 ஓமோ அதுக்குக் குறைவோ எடுத்தால், ஒரு ஆளுக்கான அம்ப் வாங்குகிற காசு மிச்சம். இன்னொரு சின்ன விதியும் இருக்கு: ஹெட்போன் வாயின் உள்தடை, ஹெட்போனின் தடையில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 80 ஓமுக்கு 10 ஓம் வரைக்கும் போகலாம். கூடினால் சில ஹெட்போன்களில் அடி ஒலி தேவையில்லாமல் தடிக்கும்.

அப்படியென்றால் நாங்கள் ஏன் அம்ப் வாங்கினோம்? ஒரு ஆளுக்காக இல்லை, நாலு ஆளுக்காக.

முதலில் யாரும் யோசிக்கிறது இரண்டாகப் பிரிகிற வயர். மலிவாகவே கிடைக்கும். ஒரே மாதிரி ஹெட்போன் இரண்டென்றால் சமாளிக்கலாம். ஆனால் நாலு 80 ஓம் ஹெட்போனைச் சமாந்தரமாகக் கொழுவினால் இன்டர்பேஸுக்குத் தெரிவது 20 ஓம். அதன் சின்ன வாய் அதுக்குத் திணறும். அதோடு, எங்களிடம் இருப்பது நாலும் நாலு விதம்: ஒன்று 80 ஓம், ஒன்று 35, இரண்டு சாதாரண 32 ஓம். பிரிக்கிற வயரில் போட்டால் ஒருவருக்குக் காது வெடிக்கும், மற்றவருக்குக் கேட்கவே கேட்காது. ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் எல்லாருக்கும் கூடும். நாலு பேரும் நாலு விதமாகக் கேட்டுவிட்டு எழுதுகிறதில் என்ன ஒப்பீடு?

அதுக்கென்று சின்னப் பெட்டி இருக்கு. ஒரு உள்வாய், நாலு ஹெட்போன் வாய், நாலுக்கும் தனித்தனிக் குமிழ். பெஹ்ரிங்கர் எச்.ஏ.400 இந்த வகை. உள்ளங்கையில் அடங்கும். இசைக்குழுக்கள் ஸ்ரூடியோவில் பாவிக்கிற சாதாரண சாமான் அது. ஹெட்போன் ரசிகர்கள் எழுதுகிற பெரிய ஆராய்ச்சிகளில் இதன் பேர் வராது. இன்டர்பேஸின் ஹெட்போன் வாயிலிருந்து ஸ்ரீரியோ வயர் ஒன்று இதுக்குள் போகும். ஒவ்வொருவரும் தங்கட காதுக்கு ஏற்ற மாதிரித் தங்கட குமிழைத் திருப்பலாம். எங்களில் ஒருவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அவர் கூட்டி வைப்பார், யாரையும் கேட்கத் தேவையில்லை.

இந்தப் பெட்டிக்கு யூ.எஸ்.பி. காணாது, 12 வோல்ட் அடப்ரர் வேணும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முதலே யோசித்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததைக் கண்ட ஆட்கள் வேறெப்படி யோசிப்பினம்? இன்டர்பேஸ் லப்டொப் பற்றரியிலேயே ஓடும். அம்ப்புக்கு, அந்த நாட்களில் ரவுட்டருக்காக வீட்டுக்கு வீடு வாங்கின 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். இருக்குத்தானே, அதையே கொழுவினோம். செய்வதென்றால் இரண்டு விசயம் பாருங்கள்: பிளக்கின் நடுப்பக்கம் நேரா மறையா என்ற படம் இரண்டிலும் ஒத்துப்போகவேணும், யூ.பி.எஸ். தருகிற மில்லி அம்பியர், அம்ப் கேட்பதை விடக் கூடவாக இருக்கவேணும்.

ஒரு எச்சரிக்கையும். ஹெட்போனில் "ம்ம்ம்" என்ற தடித்த ஒலி தொடர்ந்து வந்தால் அது எங்கட 50 ஹேட்ஸ் மின்சாரமும் அதன் இரட்டிப்பும்தான். லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நிற்கும். பதிவு செய்யும்போது நாங்கள் சார்ஜரே கொழுவுவதில்லை. மேசையில் என்றால் எல்லாவற்றையும் ஒரே மல்ரி பிளக்கில் கொழுவுங்கோ. சத்தம் போகுது என்று மூன்று முள் பிளக்கின் பூமி முள்ளை உடைக்கிற ஆட்களையும் கண்டிருக்கிறோம். அது உயிரோடு விளையாடுகிற வேலை, செய்யாதேங்கோ.

இரண்டு கிழமை கழித்து நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். அந்த எட்டுச் செக்கனைத் திரும்பத் திரும்ப ஓட விட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. கடுதாசியைத் திருப்பினோம். மூன்றில் "வேண்டாம்". ஒன்றில் "வேணும்". முதல் இரவில் "வேணும்" என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவர் இப்ப "வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

மூன்றுக்கு ஒன்று. வாக்கெடுப்பு என்றால் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளின் பேரை வைத்து வாக்கெடுப்பு நடத்தேலாது. இரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அம்மம்மாவிடமே கேட்டோம். "வேண்டாம் பிள்ளையள்," என்றா. "அவன்ர மனிசி இஞ்ச கிட்டத்தான் இருக்கிறா. அவவுக்குத் தெரிஞ்ச மாதிரியே கிடக்கட்டும்." அந்தப் பேரும், பேரை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு வசனங்களும் வெளியிட்ட பகுதியில் இல்லை.

பெட்டி எங்களுக்கு விடை தரவில்லை. சந்தேகம் ஒன்று இருக்கு என்பதை நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டியது. அது இல்லாவிட்டால் "நாய் குரைச்ச இடம்" என்று அதைத் தாண்டிப் போயிருக்கலாம்.

காதைப் பற்றியும் ஒரு சொல். வால் கேட்கவில்லை என்றால் கை தானாகக் குமிழைக் கூட்டும். அடுத்த வசனத்தின் தலை வந்து காதில் அடிக்கும். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் எல்லையாகச் சொல்கிறது. மூன்று டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் அரைவாசியாகும். 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10. நாங்கள் செய்வது: குமிழைக் கூட்டாமல், அந்த இடத்தை மட்டும் மென்பொருளில் தெரிவு செய்து 10 டெசிபல் கூட்டிக் கேட்பது. அடுத்த வசனம் பழைய அளவிலேயே வரும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி வெளியே போவது. போன காது திரும்பி வராது, அதுக்குப் பாவித்த சந்தையும் இல்லை.

நீங்கள் மேசை போடப் போகிறீர்கள் என்றால் எங்கட வரிசை இதுதான். முதல் காசு மூடின, 80 ஓமுக்கு மேல் போகாத ஒரு நல்ல ஹெட்போனுக்கு. இருக்கிற பதிவுகளையே அதில் கேட்டுப் பாருங்கள், தெரியாமல் இருந்த அரைவாசி விசயம் தெரியவரும். இரண்டாவது, ஒரு டைனமிக் மைக்கும் அதைக் கிட்டவாக வைக்க ஒரு ஸ்ராண்டும். மூன்றாவது, இரண்டு மைக் வாயுள்ள, யூ.எஸ்.பி.யில் ஓடுகிற, பாவித்ததென்றாலும் பரவாயில்லாத ஒரு இன்டர்பேஸ். இரண்டு வாய் ஏனென்றால், கேள்வி கேட்கிறவரின் குரலும் தனியாகப் பதிவாகவேணும். நாங்கள் என்ன கேட்டதுக்கு அவர் என்ன சொன்னார் என்பதும் கதையில் ஒரு பகுதிதான். நாலாவதுதான் அம்ப். ஒரு ஆள் என்றால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. கூட்டாக வேலை செய்கிற ஆட்கள் என்றால், ஒரு ஆளுக்கான விலையுயர்ந்த அம்ப்பைப் பார்க்காமல், நாலு வாயுள்ள மலிவான பெட்டியைத் தேடுங்கோ.

பதிவு செய்யும்போது உச்சம் −12 பக்கம் நிற்கிற மாதிரிப் பெருக்கத்தை வையுங்கள். ஆள் சிரித்தாலும் அழுதாலும் உடையாது. அவர் கதைத்து முடித்துவிட்டார் என்று நினைத்த உடனே பொத்தானை அமத்தாதேங்கோ. இன்னும் ஒரு நிமிசம் ஓட விடுங்கோ. ஓடுது என்று அவருக்குச் சொல்லியும் விடுங்கோ.